உள்ளறையில் ஒரு யானை

சித்திரை 16, செவ்வாய்

பிள்ளைகளின் பெருமையை முதலில் எழுதிவிடுகிறேன். பால்காரர் வராதது, முருங்கைக்காய் முற்றிப்போனது எல்லாம் பிறகு.

மூத்தவன் சங்கரலிங்கத்தின் மகன் நெல்லையப்பன் ஓசூரில் கார் கம்பெனியில் மேனேஜர். அவன் கையெழுத்துப் போடாமல் ஒரு காரும் வாசலைத் தாண்டாதாம். மகள் காந்திமதியின் பெண் சிவகாமி மதுரையில் பல் டாக்டர். என் கடவாய்ப் பல்லை எனக்கே தெரியாமல் பிடுங்கியவள். அவள் தம்பி செண்பகராமன் கப்பலில் இன்ஜினியர். போன வாரம் பிரேசில் பக்கம் நின்றிருக்கிறான். நெல்லையப்பன் மகன் அகிலன் மழலைப் பள்ளி மாறுவேடப் போட்டியில் தக்காளியாக நின்று இரண்டாம் பரிசு வாங்கினான். முதல் பரிசு ஒரு முருகனுக்கு. முருகனோடு போட்டி போட்டு எந்தத் தக்காளி ஜெயிக்கும்?

நெல்லையப்பனின் தங்கை குழலி. முழுப் பெயர் குழல்வாய்மொழி, குற்றாலத்து அம்மன் பெயர். எட்டாம் வகுப்பில் மாவட்டக் கட்டுரைப் போட்டியில் முதல், காலேஜில் தங்கப் பதக்கம், பெங்களூரில் பெரிய வேலை. அந்த வேலையைப் போன தை மாதம் உதறிவிட்டுத் தென்காசிக்கு என் வீட்டுக்கு வந்து, முன்னறையில் 'நான்கெல்லை' என்று பலகை மாட்டிச் சொந்தக் கம்பெனி தொடங்கியிருக்கிறாள். கூட்டாளி ஆவுடையப்பன், கூடப் படித்தவன். ஆலங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறான். கம்பெனி என்றால் இவர்கள் இரண்டு பேர், நான்கு நாற்காலி, என் காபி.

என்னைப் பொறுத்தவரை அவள் இங்கே இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். ஆள் இருந்தால் பாத்திரம் கூடுதலாக விழும், அவ்வளவே.

ஒரே குறை, அவள் என்ன வேலை செய்கிறாள் என்று பிரமுவுக்கு விளக்கத் தெரியவில்லை. பிரமு என் வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த தெரு. அவள் பேரன் அமெரிக்காவில் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் "அமெரிக்கா" என்கிறாள், அதுவே வேலை மாதிரி.

ஹால் சுவரில் எல்லாப் பிள்ளைகளின் போட்டோவும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். பட்டம் வாங்கும் அங்கி, கப்பல் தொப்பி, தக்காளி. குழலியுடையது மட்டும் அந்த எட்டாம் வகுப்புக் கோப்பையோடு எடுத்தது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். புதிது கேட்டால், "செல்லுல அனுப்புதேன் ஆச்சி" என்கிறாள். செல்லில் வருவதை ஆணி அடித்து மாட்ட முடியுமா?

டைரியும் அவள் கொடுத்ததுதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. டைரிக்கு அது போதும்.

சித்திரை 18, வியாழன்

இன்று இரண்டு பேரையும் உட்கார வைத்து விவரம் கேட்டுவிட்டேன். பிரமுவிடம் இனி தடுமாற வேண்டாம்.

வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் வேலை செய்கிறது. அந்த ஊர்களின் வீடு, தெரு, வாய்க்கால், மேட்டு நிலம் எல்லாவற்றையும் அளந்து கம்ப்யூட்டருக்குள் வரைபடமாக வைக்க வேண்டுமாம். புயல் வருகிறது என்றால், எந்த வீட்டுக்குள் முதலில் தண்ணீர் நுழையும், யாரை முதலில் கிளப்ப வேண்டும் என்று கேட்ட உடனே அது சொல்ல வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் தயாராக இருக்க வேண்டும். அங்கிருந்து எஸ்தர் மேடம் என்பவர் வைகாசியில் இங்கேயே நேரில் வந்து பார்ப்பார். வேறு இரண்டு கம்பெனிகளையும் பார்க்கிறாராம், பெரிய கம்பெனிகள்.

"இது கெடைச்சாத்தான் ஆச்சி நாங்க கம்பெனி. இல்லன்னா காலம் பூரா பிளாட்டு அளந்து கல்லு நட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றாள் குழலி. சொல்லும்போது சிரித்தாள். ஆனால் காபியை ஆறவிட்டாள். அவள் காபியை ஆறவிடுகிற பெண் இல்லை.

இத்தனை விவரத்தையும் போட்டு வைக்க ஒரு பெட்டகம் வேண்டும். டேட்டாபேஸ் என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இப்போது சண்டை.

"பேரு, விலாசம் மட்டும்னா எதுல வேணும்னாலும் போட்டு வைக்கலாம். இது இடம்லா? இந்த வீடு அந்த வாய்க்காலுக்குப் பக்கத்துலயா தூரத்துலயான்னு அதுக்கே தெரியணும்" என்றாள் குழலி.

"அத ஏன்ட்டி பெட்டிகிட்ட கேக்கணும்? அடுத்த வீட்டுக்காரியக் கேட்டாச் சொல்ல மாட்டாளா?"

"அடுத்த வீட்டுக்காரியும் தண்ணிக்குள்ளல்லா நிப்பா ஆச்சி!"

மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி நான்கு வரன் வைத்திருக்கிறார்கள். முதலாவது ஒரு பெரிய கம்பெனியுடையது. எல்லாம் தெரிந்தவர், ஆனால் சீர் கேட்கிறார். கேட்ட சீரைப் பார்த்துக் குழலி கம்ப்யூட்டரையே மூடிவிட்டாள். இரண்டாவதற்கு அடையாளம் ஒரு இறகு. ஒரே ஒரு கோப்புதான், செல்போனுக்குள்கூட உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் எழுத முடியும், மற்றவர் காத்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு அடையாளம் யானை. உலகத்து ஆட்கள் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுப்பதாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் தீனி போட்டாலும் வாங்கிக்கொள்ளும். தூரம், பரப்பு, எல்லை எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் தனியாக ஒரு பெரிய கம்ப்யூட்டரில் கட்டிவைத்துப் பராமரிக்க வேண்டும். குழலிக்கு யானை மேல்தான் கண்.

நான்காவது ஆவுடையே எழுதியது. பெயர் வேங்கை.

"ரெண்டு வருசமா எழுதுதேன் ஆச்சி. யானையவிட மூணு மடங்கு வேகம்."

"ஓடுற வேகத்துல பின்னால என்ன விழுந்துச்சின்னு பாக்காது" என்றாள் குழலி.

எனக்கு வேங்கைதான் பிடித்திருக்கிறது. சொந்தத்துக்குள் இருக்கிறது அல்லவா.

சித்திரை 19, வெள்ளி

மாவடு போட்டேன். ஆவுடை ஏழு தோசை சாப்பிட்டான். வேங்கை எழுதினவன் பின்னே எப்படிச் சாப்பிடுவான்?

சித்திரை 22, திங்கள்

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மொட்டைமாடியில் கூழ் வற்றல் பிழிந்தேன். முதுகு போயிற்று. போனால் என்ன, வற்றல் வந்தது.

யானையும் இன்று வந்தது. பெங்களூரிலிருந்து குழலி கொண்டுவந்த பழைய கம்ப்யூட்டரில் அதைக் குடிவைத்திருக்கிறாள். முன்னறையில் வெயில் அடிக்கிறது என்று, நாங்கள் சாமான் போட்டு வைக்கிற உள்ளறையில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தேன். வேங்கையையும் அதே கம்ப்யூட்டரில்தான் கட்டியிருக்கிறார்கள். மின்சாரம் போனால் தாங்குவதற்கு இன்வெர்ட்டர் கம்பி இழுத்தார்கள்.

"இனிமே கவலையில்ல. எந்தப் பக்கமிருந்தும் கரண்டு போகாது" என்றான் ஆவுடை.

எனக்குத் திருநீறு பூசி விடத்தான் தோன்றியது. மேல்பக்கம் லேசாகப் பூசினேன். குழலி பார்க்கவில்லை.

ஒத்திகைக்கு எங்கள் பேட்டையையே எடுத்திருக்கிறார்கள். பேட்டைக்குப் பின்னால் இருக்கிற குளம் உடைந்தால் எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று யானையையும் வேங்கையையும் கேட்கப்போகிறார்கள்.

சித்திரை 25, வியாழன்

நம் வீடு இன்று வடதுருவத்துக்குப் போய்விட்டது.

ஹாலில் ஒரே சத்தம். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டரோடு இணைத்த டிவியில் உலகப் படம். மேலே பனிக்கடலில் ஒரு சிவப்புப் புள்ளி.

"அது என்ன தம்பி?"

ஆவுடை கீபோர்டுக்குள் குனிந்துகொண்டான். குழலிதான் சொன்னாள். "நம்ம வீடு ஆச்சி. பிரமு பாட்டி வீடும் அங்கதான் இருக்கு."

ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு எண் உண்டாம். கிழக்கு மேற்குக்கு ஒன்று, தெற்கு வடக்குக்கு ஒன்று. எதை முன்னால் எழுதுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆவுடை மாற்றி எழுதிவிட்டான். வேங்கை, "இது சரியா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல், தெருவைப் பிள்ளையார் கோயிலோடு தூக்கிப் பனிக்கடலில் வைத்துவிட்டது.

"உம்ம வேங்கைக்கு நீச்சல் தெரியுமா?" என்று குழலி கேட்டாள்.

"யானைக்கு மாத்திக் குடுத்தாலும் அதேதான் செய்யும்!"

"செய்யும். ஆனா இந்தப் பேட்டையத் தாண்டி எதையும் வாங்காதேன்னு முன்கூட்டியே ஒரு வேலி போட்டு வைக்கலாம். நான் போட்டிருக்கேன். உம்மதுல வேலி எங்க?"

அவன் இன்று நான்கு தோசையோடு எழுந்துவிட்டான்.

சாயந்திரம் பிரமு வந்தாள். "உன் வீடு இப்ப வெளிநாட்டுல இருக்கு தெரியுமா? எங்க குழலி கம்ப்யூட்டர்ல பாத்தோம்" என்றேன். "அமெரிக்காவா மைனி?" என்றாள். "அதுக்கும் மேல" என்றேன்.

சித்திரை 28, ஞாயிறு

மதியம் நல்ல இடி. மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் குளத்தை அளக்கப் போயிருந்தார்கள். வற்றலை அள்ளிக் கீழே கொண்டுவந்தேன். டிவி, பிரிட்ஜ், மிக்சி எல்லாப் பிளக்கையும் பிடுங்கினேன். இடி இடித்தால் ஒரு வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். ஒரு பிளக்கையும் விடவில்லை.

மழை நின்றதும் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். வற்றலில் ஒரு தட்டு நனைந்துவிட்டது.

சித்திரை 29, திங்கள்

காலையிலிருந்து வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது. வேங்கையைக் காணவில்லை. வேங்கை இருக்கிறது, அதற்குள் இருந்த பேட்டையைக் காணவில்லை. வேகத்துக்காக எல்லாவற்றையும் அது தலைக்குள்ளேயே வைத்திருந்து, எப்போதாவதுதான் எழுதி வைக்குமாம். பாதி எழுதும்போது மூச்சு நின்றுவிட்டது. இருந்ததும் கிழிந்துபோயிற்று.

"இன்வெர்ட்டர் இருக்கையில கரண்டு எப்படிப் போவும்?" ஆவுடை தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"காலம் கெட்டுக் கெடக்கு தம்பி. எலியா இருக்கும்" என்றேன்.

குழலி என்னைப் பார்த்தாள். "எலி பிளக்கைப் பிடுங்கி, மழை விட்ட பெறவு திரும்ப மாட்டிட்டும் போச்சாக்கும்."

"இந்தக் காலத்து எலி."

"ஆச்சி. நீங்க பிடுங்கினியளா?"

"இடி இடிச்சுதுட்டி!"

ஆவுடை அப்படியே அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டான். "கரண்டு போனா இன்வெர்ட்டர் இருக்கு. ஆச்சிக்கு என்ன இருக்கு?"

யானையைப் பார்த்தார்கள். எழுந்து நின்றது. ஒரு வீடு குறையவில்லை. முழுதாக முடிந்த பதிவு முழுதாக இருந்தது, பாதியில் நின்ற பதிவு சுத்தமாக இல்லை. அரைகுறையாக ஒன்றுமே இல்லை. எதைச் செய்தாலும் முதலில் ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டுதான் செய்யுமாம். விழுந்து எழுந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

மத்தியானம் ஆவுடைக்குப் பால்பாயசம் வைத்தேன். பாவம். இரண்டு வருஷம். அவன் குடித்துவிட்டு, "பரவால்ல ஆச்சி. புயலுக்கு நடுவுல போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றான். என் பங்கு முந்திரிப்பருப்பையும் அவன் டம்ளரில் போட்டேன்.

சித்திரை 31, புதன்

முடிவு செய்துவிட்டார்கள். வீட்டில் யானை, வெளியில் இறகு. அளக்கப் போகிறவர்களின் செல்போனுக்குள் இறகு இருக்கும். ஒரு போனில் எழுதுவது ஒரே ஆள், அதற்கு இறகு தாராளம். சிக்னல் கிடைக்கும்போது அங்கிருந்து யானைக்கு அனுப்பிவிட வேண்டியது. யானை வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன பிறகுதான் இறகு அடுத்ததற்குப் போகும்.

நான் முதல் நாளே யானைதான் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளறைப் பிளக்குக்கு மேலே ஆவுடை ஒரு தாளை ஒட்டியிருக்கிறான். "ஆச்சி, தயவுசெய்து" என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன தயவு என்று எழுதவில்லை. நேற்றும் இன்றும் சாயந்திரம் இடி. தாளைப் படித்துவிட்டுத்தான் பிடுங்கினேன். யானைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பழகிவிட்டது.

வைகாசி 3, சனி

குழலி போனில் இருந்தாள். ஆவுடைக்கு இட்லி வைத்துக்கொண்டே, "வேலை கெடைச்சிட்டா முன்னறை பத்தாதே தம்பி, மச்சுல ஒரு ரூம் ஒதுக்கித் தரவா?" என்று கேட்டேன். இங்கே உட்கார்ந்தபடியே உலகத்தை அளப்பார்கள் என்று பிரமுவிடம் சொல்லியிருந்தேன்.

அவன் இட்லியைப் பார்த்துக்கொண்டே, "குழலி சொல்லலியா ஆச்சி?" என்றான்.

"என்னத்த?"

"வேல கெடைச்சா ஆபீசு அங்கதான். வேதாரண்யம் பக்கம். ரெண்டு வருசம். அந்த ஊருப் புள்ளைகளுக்கும் பழக்கிக் குடுக்கணும்லா."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா என்ன, இங்கதான். பிளாட்டுக்குக் கல்லு நட்டுக்கிட்டு, ஒங்க இட்லியத் தின்னுக்கிட்டு."

சட்னி தீர்ந்துவிட்டது. அரைக்கப் போனேன்.

வைகாசி 4, ஞாயிறு

எனக்கு ஒன்றும் இல்லை. தோசை அரிசி மூட்டை ஒன்று சொல்லியிருந்தேன், கடைக்காரர் கொண்டுவந்து இறக்கினார். திருப்பி அனுப்பவில்லை. அரிசி கெடாது.

வைகாசி 5, திங்கள்

"போறேன்னு ஏன்ட்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"கெடைச்சாப் பாத்துக்கலாம்னு நெனச்சேன் ஆச்சி. நீங்க என்ன சொல்லுதிய?"

"நான் என்ன சொல்ல? போனா எனக்குப் பாத்திரம் மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் உரித்துக்கொண்டிருந்த பூண்டில் பாதியை இழுத்துக்கொண்டாள். இருவரும் ரொம்ப நேரம் உரித்தோம். இவ்வளவு பூண்டை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வைகாசி 7, புதன்

எஸ்தர் மேடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். பருத்திச் சேலை, ஆள் கட்டு. ஹாலில் போட்டோக்களுக்குக் கீழே உட்கார வைத்தேன். யார் யார் என்று சொன்னேன். தக்காளியை ரசித்தார். கடைசிப் படத்தைக் காட்டி, "இது யாரு, தூங்குறாங்களே?" என்றார். "இவதான்" என்றேன். குழலி காது வரை சிவந்துவிட்டாள்.

ஆவுடை செல்போனோடு குளத்தங்கரையில் நின்றான். அவன் அங்கே ஒவ்வொரு வீடாகக் குறித்து அனுப்ப அனுப்ப, இங்கே டிவியில் புள்ளி விழுந்துகொண்டே இருந்தது.

"கரையில இருந்து இருநூறு மீட்டருக்குள்ள எத்தன வீடு? அதுல வயசானவங்க தனியா இருக்குற வீடு எது?" என்று மேடம் கேட்டார்.

குழலி எதையோ தட்டினாள். படத்தில் குளத்தைச் சுற்றி ஒரு வளையம் வந்தது. அதற்குள் வீடுகள் மஞ்சளாயின. அதிலே சில சிவப்பாயின. கண் மூடித் திறப்பதற்குள். பிரமு வீடு சிவப்பு. நம் வீடு மஞ்சள்தான். குழலி இருக்கிறாள் அல்லவா, நான் தனியாக இல்லை என்று யானைக்குத் தெரிந்திருக்கிறது.

"நல்லா இருக்கும்மா. சரின்னு ஆச்சுன்னா இந்த மாசக் கடைசியிலயே அங்க வந்துர முடியுமா?" என்றார் மேடம்.

"முடியும் மேடம்" என்றாள் குழலி. அவள் முகம் அந்தக் கோப்பை வாங்கின நாளில் இருந்த மாதிரியே இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

மாடியில் மோர்மிளகாய் காய்கிறது என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இருந்தாலும் கோடை மழையை நம்ப முடியாது. மாடிப்படி உள்ளறையைத் தாண்டித்தான் இருக்கிறது. உள்ளே ஏன் போனேன் என்று தெரியவில்லை. தாளைப் படித்தேன். "ஆச்சி, தயவுசெய்து."

ஹாலில் சத்தம் நின்றது.

குழலி வந்தாள். நான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இடி இடிச்சுதா ஆச்சி?"

"இடிக்கும்போலத் தோணிச்சு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து என் கையிலிருந்து பிளக்கை வாங்கினாள். என் முந்தானையையே எடுத்து உள்ளங்கையைத் துடைத்தாள்.

"வேர்த்த கையோட பிளக்கைத் தொடக்கூடாதுன்னு எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்" என்றாள்.

மாட்டினாள். போனாள். நான் மோர்மிளகாயை எடுக்கவில்லை. முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். யானை எழுந்து நிற்கும்வரை மேடத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே.

"என்ன ஆச்சு?"

"ஆச்சி பிளக்கைப் பிடுங்கிட்டாங்க மேடம். வழக்கமா பிடுங்குவாங்க."

"வழக்கமாவா?"

அதற்குள் ஆவுடை போனில் கத்தினான். அவன் சத்தம் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. "என்ன ஆச்சு அங்க? கடைசி வீடு போவ மாட்டேங்குது! ஆச்சி எங்க இருக்காங்க?"

"நான் இங்கதாம்ப்பா இருக்கேன்" என்றேன்.

யானை எழுந்தது. குழலி விரலை வைத்து மேடத்துக்குக் காட்டிக்கொண்டே போனாள். வந்து சேர்ந்த வீடு எல்லாம் இருந்தது. பாதியில் நின்ற கடைசி வீடு இல்லை. அது ஆவுடையின் போனில் இறகுக்குள் பத்திரமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகக் கிளம்பி வந்து சேர்ந்தது. டிவியில் அந்தப் புள்ளியும் விழுந்தது.

மேடம் முறுக்கைக் கடிக்காமலே வைத்திருந்தார். "மத்த ரெண்டு பேரும் ஏசி ரூம்ல வச்சுக் காட்டினாங்க. கரண்டு போனா என்ன ஆகும்னு கேட்டேன், ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. சொல்லத்தான் செஞ்சாங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "புயல் அன்னைக்கு இதான் பாட்டி நடக்கும். சொல்லாமக் கொள்ளாமப் போகும்" என்று கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

வைகாசி 8, வியாழன்

மோர்மிளகாய் கருகிவிட்டது.

வைகாசி 14, புதன்

கிடைத்துவிட்டது.

குழலி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இறக்கிவிட்டதும் இடுப்பில் எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது. ஆவுடை பதினோரு தோசை. அந்தத் தாளைப் பிரித்து எடுத்து எனக்கே கொடுத்துவிட்டான். "ஒங்களாலதான் ஆச்சி" என்றான்.

பிரமு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். யானை, இறகு, இருநூறு மீட்டர் எல்லாம் சொன்னேன். தடுமாறவே இல்லை.

"அப்ப பிள்ள போயிருமா மைனி?"

"போவாம? இங்க வச்சு ஊறுகாயா போட?"

அவள் அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்துபோய் எனக்குக் காபி போட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை கூடுதல். நான் குடித்தேன்.

வைகாசி 24, சனி

காலை வண்டி. யானையை என் பழைய சுங்குடிச் சேலை இரண்டில் சுற்றி, நடுவில் தலையணை வைத்துக் கட்டினேன். இந்த வருஷத்து வற்றல் முழுவதையும் டின்னில் போட்டுக் கொடுத்தேன். கடற்கரை ஈரத்தில் நமுத்துப்போகும், அடிக்கடி வெயில் காட்டு என்று சொன்னேன்.

"சாரல் ஆரம்பிக்கப் போவுது. இருந்து அருவியில ஒரு குளி குளிச்சிட்டுப் போனா என்ன?"

"ஐப்பசி வந்துரும் ஆச்சி."

"ஐப்பசி என்ன நாளைக்கா வருது?"

வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு, திரும்ப இறங்கி வந்தாள். "அங்க இடி இடிச்சா நான் யாரக் கூப்பிட?"

"நல்ல பிள்ளையா ஒண்ண வேலைக்கு வச்சுக்கோ."

"ஒங்கள மாதிரி வராதுல்லா. மேகமே இல்லாம யாரு பிடுங்குவா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வண்டி திரும்பும்போது புழுதி. கண்ணில் விழுந்துவிட்டது.

பாத்திரம் மிச்சம். ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

வைகாசி 30, வெள்ளி

இன்று சாயந்திரம் சாரலோடு நல்ல இடி. எழுந்து போய் டிவி, பிரிட்ஜ், மிக்சி எல்லாம் பிடுங்கினேன். உள்ளறைக்கும் போனேன். குனிந்து கையை நீட்டிவிட்டேன். அங்கே பிடுங்க ஒன்றும் இல்லை. அரிசி டிரம்தான் இருக்கிறது. அதன் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

குழலி, இந்தத் தாளை மட்டும் கிழித்து உனக்கு அனுப்புகிறேன். மற்றதை நீ படிக்க வேண்டாம். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். பிரமு தினமும் வருகிறாள். வந்தவள் போகிறாளா என்றால் இல்லை. அவள் வீடு உன் படத்தில் சிவப்பாக இருக்கிறதே, என் வீட்டையும் இப்போது சிவப்பாக்கிவிட்டாயா? ஆக்க வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டில்தான் இருக்கிறோம் என்று யானைக்குச் சொல்லி, மஞ்சளாகவே வை.

ஆவுடைக்கு நேரத்துக்குச் சோறு போடு. யானையை உப்புக் காற்று படாமல் பார்த்துக்கொள்.

உள்ளறையில் அந்தப் பிளக்குக்கு மேலே இன்று ஆணி அடித்துவிட்டேன். இடி இடித்தால் என் கால் அங்கேதான் போகிறது. போனால் பார்ப்பதற்கு ஒன்று வேண்டாமா? அந்த ஊரில் நல்ல ஸ்டூடியோ இருந்தால் பார். இல்லையென்றால் கடற்கரையிலேயே நின்று எடு. கண்ணைத் திறந்துகொண்டு நில். செல்லில் வேண்டாம். பெரிதாகக் கழுவி, மடங்காமல் அட்டை வைத்து, புதுப் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பு.